ஒன்றுக்குக் கீழே உள்ள எண்கள்

இந்த ஜெயிலில் கொடுக்கும் சாயா மோசமில்லை, ரஷீது சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். வீட்டில் அம்மா கருப்பட்டி போடுவாள், அந்த ருசிக்குப் பழகிய நாக்கு. அது ஒரு குறையாகச் சொல்லவில்லை.

நேற்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை யோசித்துப் பார்த்தேன். கொலை என்று நிரூபணமானால் கயிறு, அல்லது ஆயுள். திடீரென்று வந்த ஆத்திரத்தில் கை மீறிப்போனது என்று காட்டிவிட்டால் சில வருடங்களோடு வெளியே வந்துவிடலாம். அதற்கு இரண்டு விஷயம் வேண்டும் என்றீர்கள். அவன் என்னைச் சீண்டியிருக்க வேண்டும். சீண்டியதற்கும் நான் அடித்ததற்கும் நடுவில் மனசு ஆறுகிற அளவுக்கு நேரம் இருந்திருக்கக் கூடாது. தெளிவாகச் சொன்னீர்கள். நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

போலீசுக்கு மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுத்து எனக்கு மலையாளத்தில்தான் ஓடும், படித்ததெல்லாம் அதில். ஆனால் ஒன்றை உள்ளபடி சொல்ல வேண்டுமென்றால் வாயில் தமிழ்தான் வருகிறது. நீங்கள் பாலக்காட்டுக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்தபோது நிம்மதியாக இருந்தது. கேளுங்கள்.

முதலில் ஒன்று. வெங்கிட்டு என் காதலன் இல்லை. பேப்பரில் அப்படிப் போட்டிருப்பதாக வார்டர் அம்மா சொன்னாள். கல்யாணத்துக்கு மறுத்த காதலனை மட்டாஞ்சேரி யுவதி வெட்டினாள் என்று போட்டால்தான் விற்கும் போல. ஒரு பெண் ஒரு ஆணைக் கொன்றால் அது அவனுக்காகத்தான் இருக்க வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது கணக்கு. எம்.எஸ்ஸி.யில் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சு. அவன் முழுப்பெயர் வெங்கடேஸ்வரன், எர்ணாகுளத்தில் சிவன் கோயிலை ஒட்டிய அய்யர் தெருக்காரன். நான் மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் சுக்குக் கிடங்குக்குப் பின்னால் ஒற்றை அறை. என் அம்மா மாயம்மாள் அந்தக் கிடங்கில் இஞ்சித் தோல் சீவுகிறவள். அப்பா வீரபாண்டி அங்கேயே மூட்டை சுமந்தவர். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்.

என்னைக் கோபக்காரி என்று பலரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லை. சில நேரம் ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கும், நான் செய்துவிடுவேன், அவ்வளவுதான். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கியின் மரப்பிடியால் அடிப்பார், முனை படாமல் திருப்பிப் பிடித்துக்கொண்டு. அதில் அவருக்கு ஒரு கவனம் உண்டு. நான் பத்தாவது படிக்கும்போது ஒரு சாயங்காலம், அவர் தரையில் கையூன்றி எழுந்திருக்க முயன்ற நேரம் பார்த்து, அம்மிக் குழவியை அந்தக் கையின் மேல் போட்டேன். அதன்பிறகு அவர் அம்மாவை அடிக்கவில்லை. ஒற்றைக் கையால் மூட்டை தூக்க முடியாது என்று கிடங்கில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் செத்துப்போனார். குடித்தே செத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

டுட்டோரியல் காலேஜ் விஷயமும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு அங்கே பாடம் எடுத்தேன். போர்டில் நான் எழுதத் திரும்பியதும் பின்னால் ஒருவன் என் நடையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தான். நான் மெதுவாகத்தான் போனேன். டெஸ்க்கின் பலகை மூடியைத் தூக்கி, உள்ளே அவன் கை இருக்கும்போது மூடி, மேலே உட்கார்ந்து, அன்றைய பாடத்தை முடித்தேன். நகம் பிறகு முளைத்துவிட்டது. நன்றாகப் படித்துப் பாஸும் ஆனான்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். என்னைச் சரியாகத் தெரிந்துகொண்டால்தான் கோர்ட்டில் சரியாகப் பேசுவீர்கள்.

இனி கணக்கு. பயப்பட வேண்டாம், மூன்று எண்களை வைத்தே சொல்லிவிடலாம். மூன்று எண்களையும் இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டி, மூன்றால் வகுங்கள். அது ஒரு கோவை. மூன்றையும் ஒன்றாகப் பெருக்குங்கள். அது இன்னொரு கோவை. இவற்றுக்குச் சமச்சீர்க் கோவைகள் என்று பெயர். இதில் எந்த எண்ணை எந்த இடத்துக்கு மாற்றி வைத்தாலும் மதிப்பு மாறாது. முன்னால் நிற்பவன், பின்னால் நிற்பவன் என்று ஒன்று கிடையாது. இதைப் படித்த அன்று வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் கண்டுபிடித்தது இதுதான். இரண்டாவது கோவையின் மடக்கையை, அதாவது லாக்கை, முதல் கோவையின் லாக்கால் வகுத்தால் வருகிற எண் ஒருபோதும் ஒன்றரையைத் தாண்டாது. மூன்றுக்கு ஒன்றரை. நான்கு, ஐந்து என்று எத்தனை எண்களுக்கும் அதற்கேற்ற ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையை எல்லாவற்றுக்கும் சேர்த்து நிறுவினேன். டுட்டோரியலில் பாடம் முடிந்து, படகில் வரும்போதும், அம்மா இஞ்சி சீவும்போது பக்கத்தில் உட்கார்ந்தும் செய்த வேலை. பல்கலைக்கழகத்தில் டாக்டர் கல்யாணராமன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை துறையில் எல்லோர் முன்னாலும் வந்து விளக்கு என்றார். ஆராய்ச்சிக்கு அந்த வருஷம் ஒரே இடம். அதற்கு வெங்கிட்டுவும் மனுப் போட்டிருந்தான். திங்கட்கிழமை நான் நின்று பேசுவதைப் பொறுத்துத்தான் முடிவு.

அந்த இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அம்மா இஞ்சி சீவுவதை நிறுத்துவாள். அவள் விரல் நுனியில் தோல் கிடையாது சார். சாதம் பிசையும்போது எரிச்சல் தாங்காமல் உதட்டைக் கடிப்பாள். என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து வரும். யாரும் என்னை முகத்துக்கு நேரே எடி என்று கூப்பிட மாட்டார்கள்.

வெங்கிட்டு எங்கள் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான். அய்யர் வீட்டுப் பையன், அம்மா கொடுத்த கப்பைக் கிழங்கும் மத்திக் குழம்பும் தின்று பழகிவிட்டான். முள் எடுக்கத்தான் கடைசி வரை வரவில்லை. "ஏ புள்ள, இந்த அய்யருக்கு முள்ளு பாத்துக் குடுடி. தொண்டையில சிக்கிச் செத்துகித்து வச்சான்னா அவுக ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது" என்பாள் அம்மா. "மாயம்மா சொல்றது வாஸ்தவமாக்கும். எங்காத்துல தெரிஞ்சா முள்ளே வேண்டாம், அம்மாவே கொன்னுடுவா" என்று அவன் சிரிப்பான். நல்ல மூளை. ஆனால் சோம்பேறி. ஒன்றைக் கட்டி எழுப்பும் பொறுமை கிடையாது. அடுத்தவர் கட்டியதில் எங்கே விரிசல் இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவான்.

அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கிடங்கு பூட்டியிருந்தது. அம்மா தோப்பும்படியில் அங்கம்மாள் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள், மறுநாள் மத்தியானம்தான் வருவாள். நல்ல மழை. அவன் நனைந்துகொண்டே வந்தான், என் நிறுவல் நகலைச் சட்டைக்குள் வைத்திருந்தான், அது மட்டும் நனையவில்லை. உட்கார்ந்தான். சாயா போட்டுக் கொடுத்தேன். ஒரு தப்பு இருக்கிறது என்றான்.

போலீசிடம் நான் எழுதிக் கொடுத்தது உங்கள் கையிலும் இருக்கும். அவன் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூட்டை தூக்கினவன் மகளுக்கு அசமன்பாடு எதற்கு, எடை போடக் கற்றுக்கொண்டால் போதாதா என்றான். எனக்குக் கண் இருட்டியது. சுவரில் அப்பாவின் கொக்கி தொங்கியது. எலி ஏறாமல் இருக்க அம்மா அதில் மீன் கூடையை மாட்டி வைப்பாள். அதை எடுத்து அடித்துவிட்டேன். பிறகு என்ன செய்தேன் என்று நினைவில்லை. இப்படித்தான் எழுதியிருக்கிறேன். நீங்கள் படித்துவிட்டு, இதுதான் நமக்கு வேண்டியது, இதைவிட்டு நகராதே என்றீர்கள்.

நகர வேண்டியிருக்கிறது சார்.

நினைவு இருக்கிறது. முதல் அடி காதுக்குப் பின்னால், கழுத்தில். அவன் குனிந்து பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தான். கொக்கி மூட்டையில் போவது போலத்தான் போனது, ஆனால் மூட்டையிலிருந்து வருவது போல வரவில்லை, காலை அவன் தோளில் ஊன்றி இழுக்க வேண்டியிருந்தது. அவன் திரும்பிப் பார்த்து, "பாக்கியம், என்னாச்சு நோக்கு" என்று கேட்டான். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தான் போல. முகத்தில் அடித்தேன். பிறகு அப்பாவைப் போலத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பிடியால் தலையில் அடித்தேன், அசைவு நிற்கும் வரை. அப்பா ஏன் அப்படிப் பிடிப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது. முனையால் அடித்தால் சிக்கிக்கொள்கிறது, நேரம் வீணாகிறது.

அவனைச் சுவரோரம் இழுத்துப் பாயைப் போட்டு மூடினேன். தரையைக் கழுவினேன். இஞ்சி வாடை எப்போதும் இருக்கிற வீடு, வேறு வாடை தெரியவில்லை. அவன் பென்சிலால் குறித்திருந்த இடத்தை அழித்துவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலைப் படகில் போனேன். கணக்குத் துறையில் எல்லோரும் வந்திருந்தார்கள். வெங்கிட்டு வரவில்லையா என்று ஒருவர் கேட்டதற்குக் காய்ச்சல் என்றேன். விளக்கினேன். எண்களைப் போட்டுக் காட்டு என்றார்கள். இரண்டு, மூன்று, நான்கு என்று எடுத்துப் போட்டேன், ஒன்றரைக்குக் கொஞ்சம் கீழே வந்தது. டாக்டர் கல்யாணராமன் எழுந்து வந்து கை கொடுத்தார். இந்தத் துறையில் இத்தனை நாளாக இப்படி ஒரு சுத்தமான நிறுவலைப் பார்க்கவில்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவருக்கும் தப்பு தெரியவில்லை. அம்மா வருவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பாராட்டி, சாயா வாங்கிக் கொடுத்து, பேசி, நேரமாகிவிட்டது. பாயை அம்மா தூக்கிப் பார்த்துவிட்டாள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. அன்றிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். சரியாகிவிடுவாள்.

தப்பு என்ன என்று நீங்கள் கேட்டீர்கள், அது வழக்குக்குத் தேவையில்லை என்று நீங்களே விட்டும்விட்டீர்கள். தேவைதான். ஒரு சமன்பாட்டை எதனால் வேண்டுமானாலும் வகுக்கலாம், பூஜ்யத்தைத் தவிர. ஆனால் பெரிது சிறிது என்று இருக்கிற அசமன்பாட்டை மைனஸ் எண்ணால் வகுத்தால் அடையாளம் திரும்பிக்கொள்ளும், பெரியது சிறியதாகிவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஒன்றுக்கு மேலுள்ள எண்களின் லாக் பிளஸ். ஒன்றுக்குக் கீழே உள்ளவற்றின் லாக் மைனஸ். நான் நடுவில் ஒரு இடத்தில் லாக்கால் வகுத்தேன், அது மைனஸாக இருக்கக்கூடும் என்று பார்க்கவில்லை. எப்படிப் பார்க்காமல் போனேன் என்று இங்கே வந்த பிறகு யோசித்தேன். கிடங்கில் வளர்ந்தவள் நான். எண் என்றால் எனக்கு மூட்டைதான். அரை மூட்டை என்று கிடங்கில் ஒன்று கிடையாது. கிழிந்து சிந்தினால் அது கணக்கில் வராது, கூட்டி மூலையில் தள்ளுவார்கள். அந்தக் குப்பையிலிருந்துதான் அம்மா இடுப்பில் முடிந்து கொண்டுவருவாள், நாங்கள் அதில்தான் வளர்ந்தோம். அப்படியிருந்தும் எனக்குத் தோன்றவில்லை. சோதித்துப் பார்த்த எண்ணெல்லாம் இரண்டும் ஐந்தும் பத்தும்தான்.

"அரை, அரை, கால். இந்த மூணையும் போட்டுப் பாரு" என்றான் வெங்கிட்டு. சத்தம் போட்டுச் சொல்லவில்லை, சாயாவை ஊதிக்கொண்டே சொன்னான். "கோவிச்சுக்காதே பாக்கியம். பெரிய விஷயம் ஒண்ணும் இல்லை. எண்ணெல்லாம் ஒண்ணுக்கு மேலன்னு மொதல்லயே ஒரு வரி எழுதிச் சேர்த்துடு. பாக்கி அத்தனையும் நிக்கும். நாளைக்கு யாராவது கேட்டு நீ முழிக்கப்படாதுன்னுதான் மழையில ஓடி வந்தேன்." மனுவை வெள்ளிக்கிழமையே திருப்பி வாங்கிக்கொண்டதாகவும் சொன்னான். அவனுக்கு பாங்க் பரீட்சை போதுமாம், இந்த இடம் எனக்குத்தானாம்.

மூட்டை தூக்கினவன் மகளுக்கு என்று அவன் சொல்லவில்லை. அது எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வில் என் எதிரில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது. பக்கத்தில் இருந்த இருவரும் சிரித்தார்கள். மார்க் அவர்கள் கையில் இருந்தது, நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். அந்த வாக்கியத்தை எடுத்து வெங்கிட்டுவின் வாயில் வைத்தேன். அது பொய்யென்று எனக்குப் படவில்லை. ஒருவன் இடத்தில் இன்னொருவனை வைத்தால் மதிப்பு மாறாத ஒரு கோவைக்குள்தான் இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அவர் சொன்னார், இவன் அடிபட்டான். கூட்டுத்தொகை ஒன்றுதான்.

அதோடு, அவன் சொன்ன அந்த ஒரு வரியை நினைத்துப் பாருங்கள். எண்ணெல்லாம் ஒன்றுக்கு மேல். அதாவது கீழே இருப்பவற்றை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள், உள்ளே எல்லாம் சரியாக இருக்கும் என்கிறான். இதை என்னிடம் சொல்கிறான். அரையும் காலுமாக வளர்ந்தவளிடம். கீழே இருப்பவர்களை விட்டுவிட்டு ஒரு தேற்றம் எனக்கு வேண்டாம் என்றுதான் அவனை அடித்தேன் என்று முதலில் உங்களிடம் சொல்ல நினைத்திருந்தேன். கோர்ட்டில் சொன்னால் நன்றாகவும் இருக்கும், கொடி பிடிக்கிற கட்சிக்காரர்கள் கூட வந்து நிற்பார்கள். ஆனால் மறுநாள் துறையில் எல்லோர் முன்னாலும் நான் எடுத்தது இரண்டு, மூன்று, நான்கு. அரையையும் காலையும் நான் வாயால் கூடச் சொல்லவில்லை.

டாக்டர் கல்யாணராமனுக்கு நீங்கள் ஆள் அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சேர்த்தால் தேற்றம் சரி. என் பெயரிலேயே வரட்டும்.

இன்னொன்று. சீண்டலுக்கும் அடிக்கும் நடுவில் நேரம் இருந்ததா என்று கேட்டீர்கள். ஆத்திரத்தில் செய்தாள் என்று எழுத வேண்டாம், சார். ஆத்திரத்தில் கணக்குப் போட முடியாது. அவன் சொன்னதும் நான் லாக் டேபிளை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தேன். அவன் அவசரமில்லை, மெதுவாகப் பாரு என்று சொல்லிவிட்டு இன்னொரு சாயா கேட்டான், போட்டுக் கொடுத்தேன். பெருக்கினேன், கூட்டினேன். முதல் கோவை ஆறில் ஒன்று, இரண்டாவது பதினாறில் ஒன்று. லாக் எடுத்து வகுத்தேன். ஒன்றரையைத் தாண்டியது. டேபிளில் வரி மாறிப் பார்த்திருப்பேனோ என்று திரும்பவும் முதலிலிருந்து போட்டேன். அதே விடைதான். அவன் சொன்னது சரி என்று சந்தேகமில்லாமல் தெரிந்த பிறகுதான் எழுந்து போய், கொக்கியிலிருந்து மீன் கூடையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.